எல்லாரும் பாதி

ஏப்ரல் 21, ஞாயிறு

கம்பெனி வருஷா வருஷம் டைரி கொடுக்கிறது. பதினெட்டு டைரி வாங்கிவிட்டேன். ஒன்றில்கூட ஒரு வரி எழுதியதில்லை. மனைவி பூங்கொடி அதில் கோலம் போட்டுப் பார்ப்பாள், மகள் சாதனா பூனை வரைவாள். இந்த வருஷத்து டைரியை மட்டும் நானே எடுத்து, முதல் பக்கத்தில் ‘சென்னியப்பன், சர்வீஸ் செக்‌ஷன்’ என்று பெயரும் எழுதிக்கொண்டேன். டாக்டர் எழுதச் சொல்லிவிட்டார். எது இறங்குகிறது, எது நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று தேதி போட்டு எழுத வேண்டுமாம்.

எனக்கு இது புதிதில்லை. பம்ப்செட் கம்பெனியில் வேலை. போர்வெல் மோட்டார் தண்ணீர் கம்மியாக எடுக்கிறது என்று யாராவது போன் செய்தால் உடனே குழாயைக் கழற்ற விடமாட்டேன். ஒரு வாரம் ஓடவிட்டு எழுதி வையுங்கள் என்பேன். கழற்றி மாட்டிய மோட்டார் பழையபடி ஓடாது என்பது என் அனுபவம்.

டாக்டர் ஒரு சீட்டும் கொடுத்திருக்கிறார். வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பார்களாம். தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். அடுத்த முறை வீட்டுக்காரம்மாவையும் அழைத்து வாருங்கள் என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. சீட்டை ஏழரை ஹெச்.பி. மோட்டார் மேனுவலுக்குள் வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

இன்று: காலை இட்லி இரண்டு, இறங்கியது. மத்தியானம் சாதம் மூன்று கவளம், நெஞ்சுக்கு நடுவில் நின்றது. தண்ணீர் குடித்ததும் போனது. கேஸ் ட்ரபிள்தான்.

ஏப்ரல் 24, புதன்

தோசை இறங்கியது. முறுகல் ஓரம் நின்றது.

பெல்ட்டில் ஆணி வைத்து இன்னொரு ஓட்டை போட்டேன். பழைய பெல்ட், தோல் நீண்டுவிட்டது.

ஏப்ரல் 27, சனி

பூங்கொடி கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸை எங்கள் செக்‌ஷன் ரங்கராஜ் சாப்பிடுகிறான். நான் கேன்டீனில் பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துக் குடிக்கிறேன். “அண்ணி கைப்பக்குவமே தனிங்ணா, உங்களுக்கு ஏனுங் புடிக்க மாட்டீங்குது?” என்று கேட்டுக்கொண்டே வழித்துச் சாப்பிடுகிறான். ரெண்டு மாதத்தில் அவனுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் போய் உட்கார்ந்துகொள்வேன். இப்படி யாருக்கும் தெரியாமல் என் பாடு ஓடிக்கொண்டிருந்தது.

இன்று மச்சான் வேலுசாமி வந்து அதில் மண்ணைப் போட்டார். பூங்கொடியின் அண்ணன். வாழ்க்கையில் இரண்டு விஷயங்கள்தான் அவருக்கு முக்கியம்: கார் ஓட்டுவது, ஓட்டிப்போய் சாப்பிடுவது. பெங்களூர் தீம் பார்க்குக்கு இரண்டு நாள் டிக்கெட்டும் ஓட்டல் ரூமும் போட்டுவிட்டாராம். மே ஆறு கிளம்பி ஒன்பது திரும்புகிறோம்.

“எந்த ஊர்ல என்ன திங்கறதுன்னு லிஸ்டே போட்டுட்டேனுங் மாப்ள. நாலு நாளைக்கு அம்மிணி அடுப்புப் பக்கமே போகக்கூடாது.”

சாதனா குதித்த குதியில் நான் என்ன சொல்ல முடியும்? ஒன்பது வயது. போன வருஷமே போயிருக்க வேண்டியது. பெரிய ராட்டினத்தில் ஏற உயரம் பத்தாது என்று நிறுத்திவிட்டோம். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை பிரிட்ஜ் பக்கத்தில் நின்று சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். சித்திரை பிறந்த அன்று ராட்டினத்துக்கான உயரக் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

நாலு நாள். மூன்று வேளை. ஒரே மேஜை. எதிரே பூங்கொடி.

மே 1, புதன்

வழி கிடைத்துவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொள்ள வேண்டும்.

மச்சான் காபி குடிக்க வந்தபோது எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். “ராட்டினத்துல தலகீழாத் தொங்கறப்ப வயிறு ரொம்பியிருந்தா என்னாகும்? அத்தனையும் வெளிய வந்துரும். அதனால அங்க இருக்கறவரைக்கும் எல்லாரும் பாதிதான். பாதி தோசை, பாதி மீல்ஸ். எச்சா ஒரு வாய் கெடயாது.”

“மாப்ள, டூருக்குப் போறமா, வெரதத்துக்குப் போறமா?” என்று மச்சான் அலறினார்.

சாதனாவுக்கு விதி என்றால் உயிர். உடனே நோட்டில் தாள் கிழித்து ஸ்கெட்ச் பேனாவில் ‘விதி: எல்லாரும் பாதி’ என்று எழுதி, மச்சான் காரின் டேஷ்போர்டில் ஒட்டிவிட்டு வந்தாள்.

“பாதின்னா பாதி. எனக்கென்னுங்க,” என்றாள் பூங்கொடி. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், தலையைத் தூக்கவில்லை.

எல்லார் தட்டிலும் பாதி இருந்தால் என் தட்டில் கால் இருப்பது யார் கண்ணிலும் படாது.

மே 5, ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. பூங்கொடி பெரிய ஃப்ளாஸ்க் நிறைய சத்துமாவுக் கஞ்சி காய்ச்சத் திட்டம் போட்டிருக்கிறாள். வழியில் பிள்ளைக்கு வேண்டுமாம். சாதனா அதன் வாசனை வந்தாலே ஓடிவிடுவாள். இவள் ஏன் இப்படி மறக்கிறாள் என்று தெரியவில்லை.

இன்று சப்பாத்தி நின்றது. கால் மணி நேரம். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் வாந்தி எடுத்தேன்.

அப்பாவுக்கும் கேஸ் ட்ரபிள் என்றுதான் முதலில் சொன்னார்கள். அதை ஏன் இப்போது எழுதுகிறேன்? டைரி என்றால் கை சும்மா இருப்பதில்லை போல.

மே 6, திங்கள்

பெங்களூர் வந்து சேர்ந்தோம். திட்டம் பிசகாமல் நடந்தது.

காலையில் சேலத்தில் டிபன். ஒரு செட் இட்லியை எனக்கும் பூங்கொடிக்குமாகப் பிரித்தேன். முக்கால் இட்லி சாம்பாரில் கரைந்து இறங்கியது. நின்றதை வாய் துடைப்பதுபோல் டிஷ்யூவில் எடுத்து, மடித்து, இன்னொரு டிஷ்யூவில் சுற்றித் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். இதில் நான் நன்றாகத் தேறிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக்கூடத் தெரியாது. என் பக்கத்தில் சாதனாதான் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் டிவியில் இருந்தது.

ஓசூர் தாண்டியதும் எனக்கென்றே செய்து வைத்த ஊர் போலிருந்தது. இங்கே ஓட்டலுக்குள் நுழைந்து ‘பை டூ’ என்றால் போதும். ஒரு காபியை இரண்டு டம்ளரில், ஒரு சூப்பை இரண்டு கிண்ணத்தில், ஒரு பிளேட் சோற்றை இரண்டு தட்டில் பிரித்தே கொண்டுவந்து வைக்கிறார்கள். ஏன் பாதி என்று சர்வர் முறைப்பதில்லை, கோடீஸ்வரனும் பை டூ என்கிறான். இந்த ஊரில் மறைக்க வேண்டியவன் நிம்மதியாக வாழலாம்.

மச்சான் மட்டும் பை டூ சாப்பிட்டுவிட்டு, பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று இரண்டு முறை காணாமல் போனார். திரும்பி வரும்போது மீசையில் தேங்காய்ச் சட்னி.

மத்தியானம் பூங்கொடி ஃப்ளாஸ்க்கை என்னிடம் நீட்டினாள். “புள்ள வேண்டாங்கறா. வீணாப் போயிரும், நீங்களே குடிச்சிருங்.” மூன்று டம்ளர் குடித்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. ரெண்டு மாதத்தில் வயிறு நிறைந்தது இன்றுதான்.

மே 7, செவ்வாய், மத்தியானம்

பார்க்கில் ஒரு பூவரச மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பை காவல் எனக்கு. மற்ற மூவரும் அலைக்குளத்தில்.

காலையில் சாதனா இழுத்துக்கொண்டு போய் பெரிய ராட்டினத்தில் உட்காரவைத்தாள். கம்பியை மார்பில் இறக்கிப் பூட்டினார்கள். மேலே போய் ஒரு நொடி நின்று தலைகீழாகக் கொட்டியபோது எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். ரெண்டு மாதமாக எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இங்கே கத்தினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இறங்கியதும் சாதனா, “அப்பா, நீங்கதான் எல்லாரவிடச் சத்தமா கத்துனீங்க,” என்று பெருமைப்பட்டாள்.

அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்கூடத்தில் குழந்தைகளுக்கான சின்னத் தட்டு இரண்டு வாங்கினோம். ஒரு கரண்டி தயிர்சாதம், நாலு உருளைக்கிழங்குத் துண்டு, சின்ன சப்பாத்தி ஒன்று. அதிலும் பாதி. மச்சான் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சாதனா பக்கம் திரும்பினேன்.

அவள் ஒரு வாய் போட்டாள். மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். இன்னொரு மடக்கு. நெஞ்சுக்கு நடுவில் கையை வைத்துத் தடவிக்கொண்டாள். அப்புறம் டிஷ்யூவை எடுத்து வாயைத் துடைத்தாள். அந்த டிஷ்யூவை மடித்து, இன்னொன்றில் சுற்றித் தட்டுக்கு அடியில் வைத்தாள்.

என் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது.

மே 7, மாலை

திரும்பவும் பார்த்தேன். ஐந்து மணிக்கு சமோசா. ஒரு கடி கடித்தாள், தண்ணீர், தடவல், டிஷ்யூ.

அவளுக்கும் வந்துவிட்டது. என் ரத்தம்தானே. கண்ணும் காதும் என்னைப்போல் என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். தொண்டை மட்டும் பூங்கொடியைப்போலவா இருக்கும்?

எழுதிவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கு முதலில் சோறு நின்றது. பிறகு இட்லி. பிறகு கஞ்சி. கடைசியில் தண்ணீர். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவார், காலித் தட்டோடு வருவார். நாய் கொழுத்ததைப் பார்த்துத்தான் அம்மா கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ரெண்டே மாதம். கத்தி பட்டதும் பரவிவிட்டது, சும்மா விட்டிருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார் என்று சாவு வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையேதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வந்தால் வரட்டும். நாற்பத்து மூன்று வயது, பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. ஒன்பது வயதுப் பிள்ளைக்கா? அவளை எங்கே அழைத்துக்கொண்டு போவது? அவள் வாய்க்குள் குழாய் விட வேண்டும் என்றால் நான் சரி என்பேனா, வேண்டாம் என்பேனா? வேண்டாம் என்றால் என்ன ஆகும்?

அவளைக் கேட்கலாம். ‘கண்ணு, உனக்கு முழுங்க முடியலையா?’ ஒரு கேள்விதான். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பூங்கொடி திருப்பிக் கேட்டால்? ஐந்து முறை வாயைத் திறந்து ஐந்து முறையும் மூடிக்கொண்டேன்.

பூங்கொடி என் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. சண்டை பிடித்தால்கூடத் தேவலை.

மே 8, புதன், காலை எட்டு மணி

அரை இட்லி. நின்றது. சாதனாவும் அரை இட்லி. டிஷ்யூ.

இன்று சாயங்காலம் அவளைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டுவிடுவேன்.

மே 8, மாலை நாலு மணி

எழுத்து கோணலாகத்தான் வரும்.

பதினொன்றரை மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர்ச் சறுக்குக்கு வரிசையில் நின்றோம். நான் பையோடு கம்பிக்கு வெளியே, சாதனா உள்ளே மாமன் கையைப் பிடித்துக்கொண்டு. திடீரென்று அவள் கை நழுவியது. அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். மச்சான், “ஐயோ புள்ள!” என்று போட்ட சத்தத்தில் ராட்டினக் கூச்சலே அடங்கினாற்போல் இருந்தது. கம்பியைத் தாண்டி எப்படிக் குதித்தேன் என்று தெரியவில்லை. உதடு வெளுத்து, நெற்றி சில்லிட்டுக் கிடந்தாள். தூக்கினேன். அவ்வளவுதான் இருந்தாள். சுவரில் கோட்டைத் தாண்டிய பிள்ளை, தூக்கினால் கனமே இல்லை.

முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் அம்மா. தமிழ் பேசினார். குளுக்கோஸைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினார். நான் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஸ்பூன் இறங்கியது. இரண்டாவது இறங்கியது. திரவம் இறங்கும், திரவம் கடைசியில்தான் நிற்கும் என்று என் மனசு கணக்குப் போட்டது. அந்த மனசைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

பத்து நிமிஷத்தில் கண்ணைத் திறந்தாள். “பாப்பா, காலைல என்னா சாப்ட்டே?” என்றார் நர்ஸ்.

“அரை இட்லி. ஆனா முழுங்கலீங்.”

“ஏம்மா, தொண்டை வலிக்குதா?”

“இல்லீங். அதெல்லாம் வலிக்கல.” சாதனா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. “மென்னுட்டு, தண்ணி குடிச்சுட்டு, நெஞ்சத் தடவிட்டு, டிஷ்யூல துப்பிரணும். அப்பத்தான் ராட்டினத்துல வாந்தி வராது. அப்பா தெனமும் அப்படித்தான் செய்யறாங்க. பாதின்னு எங்களுக்குச் சொல்லிட்டு அவங்க மட்டும் ஒண்ணுமே முழுங்கறதில்ல. அதான் அப்பாவுக்கு வாந்தியே வரல. நானும் அப்பாவாட்டவே செஞ்சேன்.”



அவளுக்கு ஒன்றுமில்லை. முதலில் அதுதான் தோன்றியது. அவளுக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு ஒன்றுமில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று நெஞ்சு வரைக்கும் வந்து, சோறு நிற்கும் அதே இடத்தில் நின்றது.

மச்சான் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நர்ஸ் என் சட்டைக் காலரையும் கழுத்தெலும்பையும் பார்த்தார். பூங்கொடி பார்க்கவில்லை. குளுக்கோஸ் டம்ளரை வாங்கிப் பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டே, “எத்தன நாளாக் கண்ணு இப்படித் துப்பற?” என்று கேட்டாள்.

“சேலத்துலருந்தும்மா.”

மூன்று நாள். என் பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேனே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என் குட்டு உடைந்துவிடும் என்று கேட்கவில்லை. நானெல்லாம் ஒரு அப்பன்.

இப்போது ரூமில் பருப்புசாதம் சாப்பிடுகிறாள். நெய் ஊற்றி, முழுத் தட்டு. ஒவ்வொரு வாய்க்கும் பூங்கொடி, “ஆ காட்டு,” என்கிறாள். சாதனா வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, கன்னத்தை இழுத்துக் காட்டுகிறாள். அது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. பூங்கொடி இன்னும் என்னிடம் பேசவில்லை.

மே 9, வியாழன்

திரும்புகிறோம். கிருஷ்ணகிரியில் நிறுத்தியிருக்கிறோம். சாதனாவும் மச்சானும் இளநீர்க் கடையில். இவ்வளவு நேரம் கழித்து இப்போதுதான் பூங்கொடி பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

“மேனுவல்ல இருக்கற சீட்ட நான் ஏப்ரல்லயே பாத்துட்டனுங்க. எதுத்த வூட்டக்கா தொட்டி மோட்டார் ஓட மாட்டீங்குதுன்னு புக்கு கேட்டாங்க. எடுத்தா உள்ள உங்க பேரு.”

சாதனா காதில் விழுமோ என்று கடைப் பக்கம் பார்த்தேன்.

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். கேக்கறதுக்கு எனக்கும் பயமுங்க. கேட்டா நெசமாயிருமாட்ட இருந்துச்சு. அதான் கஞ்சியக் காச்சி எடுத்துட்டு வந்தேன். மூணு நாளா உங்க தட்டையே பாத்துட்டு இருந்தனுங்க. புள்ள தட்டப் பாக்காமப் போயிட்டேன்.” அப்போதுதான் அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, இளநீர்க் கடைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள்.

அப்பா கதையைச் சொன்னேன். கத்தி பட்டால் பரவும் என்றேன்.

“யாருங்க சொன்னது? அத்தை சாகறதுக்கு முன்னால எங்கிட்டச் சொன்னாங்க. மாமா எட்டு மாசம் மறைச்சாராமா. நாய்க்குப் போட்டுப் போட்டு மறைச்சாராமா. ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே எல்லாம் முத்திருச்சுன்னு டாக்டரு திட்டுனாராமா. கத்தியவா கொற சொல்றீங்க? எட்டு மாசத்தச் சொல்லுங்க.”

அம்மா என்னிடம் ஏன் அதைச் சொல்லவில்லை? நான் கேட்டிருக்கமாட்டேன்.

“பதிமூணாந்தேதி திங்கக்கெழம காலைல உங்களுக்கு டோக்கன் போட்டிருக்குதுங்க,” என்றாள் பூங்கொடி மூக்கைத் துடைத்துக்கொண்டு. “டூருக்குக் கெளம்பறதுக்கு முன்னாலயே போட்டுட்டேன். புள்ள ராட்டினத்துல ஏறட்டும், அதுக்கப்புறம் கைகாலக் கட்டியாவது கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணித்தான் வண்டில ஏறுனேன்.”

மே 10, வெள்ளி

டிபன் பாக்ஸில் கஞ்சி. ரங்கராஜ் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னங்ணா இது?” என்றான். சொன்னேன். ரெண்டு மாதமாக உங்கள் சாப்பாட்டைத்தான் தின்றேனா என்று அவன் கேன்டீனில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டான். அவனைத் தேற்றுவது பெரிய வேலையாகப் போயிற்று.

மே 12, ஞாயிறு

கஞ்சி இறங்கியது. கொஞ்சம் நின்று இறங்கியது.

பயம்.

மே 13, திங்கள், காலை ஒன்பதேகால்

ஆஸ்பத்திரி வராந்தா. நேற்று இரவு பத்து மணிக்குப் பிறகு எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. எனக்கு முன்னால் ஒருவர் உள்ளே போயிருக்கிறார். அடுத்தது நான். தொண்டையை மரத்துப்போகச் செய்வார்களாம், வலிக்காதாம். டாக்டரிடம் நேராகவே கேட்டேன், சதை எடுத்தால் பரவுமா என்று. “இல்லைங்க. பாக்காம விட்டாத்தான் எனக்குப் பயம்,” என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் ஒன்றும் சொல்லமாட்டாராம். அது நியாயம்தான். போர்வெல் குழாயை மேலே தூக்காமல் என்ன கோளாறு என்று நானும் யாரிடமும் சொன்னதில்லை.

எழுந்து வாசல் வழியாக நடந்து, வருகிற முதல் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று இதுவரை நாலு முறை நினைத்துவிட்டேன். பூங்கொடி வாசல் பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்துதான் உட்கார்ந்திருப்பாள்.

சாதனா வீட்டில் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்து வந்துவிட்டாள். மச்சான் அவளுக்கு இட்லி வாங்கிவந்து பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். அவள் தொடவில்லை. பூங்கொடி சொன்னாள், மச்சான் கெஞ்சினார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பாவுக்கு இன்னிக்கு ஒண்ணுமே கெடயாதில்லீங். அப்ப எனக்கும் கெடயாது. ரூலு எல்லாருக்கும்தானுங்ப்பா. நீங்கதான சொன்னீங்க?”

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. மச்சானைக் காருக்கு அனுப்பி டேஷ்போர்டிலிருந்து அந்தத் தாளைப் பிய்த்துக்கொண்டுவரச் சொன்னேன். அவள் முன்னாலேயே நாலாகக் கிழித்தேன்.

“அந்த ரூலு பொய்யி, கண்ணு. ராட்டினத்துக்காகப் போடல. அப்பாவுக்கு முழுங்க முடியல. அது உங்கம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு போட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு.”

அவள் கிழிந்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இப்பவும் பயமா இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“உள்ள போயிட்டு வந்தா முழுசா சாப்படுவீங்களா?”

ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. பொய் சொல்லிப் பழகிய வாய்.

“தெரியல சாமி. எவ்வளவு எறங்குதோ அவ்வளவு சாப்படறேன். எறங்கலீன்னா எறங்கலீன்னு சொல்லிடறேன். டிஷ்யூ கெடயாது.”

அவள் பொட்டலத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். மூன்று இட்லி. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். சட்னி வாசனை பசியைக் கிளப்பியது. எனக்கு இவ்வளவு பசிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. கடைசித் துண்டையும் விழுங்கிவிட்டு எழுந்து என் எதிரே வந்து நின்றாள். வாயை ஆவென்று திறந்தாள், நாக்கைத் தூக்கினாள், இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினாள். ஒன்றுமில்லை, எல்லாம் இறங்கியிருந்தது.

“இப்ப உங்க முறைங்ப்பா,” என்றாள். “பயப்படாமப் போயி ஆ காட்டிட்டு வாங்க.”

உள்ளேயிருந்து சென்னியப்பன் என்று கூப்பிடுகிறார்கள். டைரியைப் பூங்கொடியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நான் வரும்வரைக்கும் அவள் படிக்கட்டும்.